ஜெனரேட்டரா, மதிலா? முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: எங்கள் தெரு தாழ்வான இடத்தில் இருக்கிறது. மொத்தம் 48 வீடுகள். அவற்றில் பாதிக்கு மாடி கிடையாது. ஈராண்டுகளுக்கு முன் பெய்த மழையில் வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மின்சாரம் திரும்ப நான்கு நாட்கள் ஆயின. குடியிருப்போர் சங்கத்தில் இப்போது கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். சுற்றிலும் மதில் எழுப்பினால் தண்ணீரே உள்ளே வராது என்கிறார்கள் இன்னொரு சாரார். சங்கச் செயலாளராக இருக்கும் நான் இரு தரப்புக்கும் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். எங்கள் வீட்டில் மாமனார் இரவில் ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடுதான் உறங்குகிறார். எதை முதலில் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு இரண்டையும் நிறுத்தி வையுங்கள். பணம் செலவழிப்பதற்கு முன் உங்கள் தெருவுக்கு ஓர் எண் தெரிந்தாக வேண்டும்: சென்ற முறை தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது? 'முழங்கால் அளவு' என்பது போதாது. யாருடைய முழங்கால், எந்த வீட்டுத் தரையிலிருந்து என்று கேட்டால் 48 வீட்டிலும் 48 பதில்கள் வரும். பேரிடர் ஆயத்தப் பணியில் இருக்கும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜெனரேட்டரை எங்கே வைப்பது, மீட்டர் பெட்டியை எவ்வளவு உயர்த்துவது, யார் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் விடை கிடைக்கும்.

அளப்பது எளிது. பழைய சுவர்களில் நீர்க்கறை இன்னும் எங்காவது தெரியும். கதவின் அடிப்பகுதி, படிக்கட்டின் அடிப்புறம், பீரோவின் பின்பக்கம் ஆகியவற்றில் தேடுங்கள். அந்த நாட்களில் கைபேசியில் எடுத்த படங்களும் உதவும். ஓர் இடத்தில் உறுதியான கறை கிடைத்துவிட்டால், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீரை நிரப்பி அதே மட்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அந்தக் கோட்டைப் பெயின்ட்டால் வரையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலை இது. கோடு வரைந்த பிறகு தெருவைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டின் வாசற்படியைக்கூட அந்தக் கோடு தொடாது. பத்து வீடு தள்ளி சுவிட்ச் போர்டுக்கு மேலே போகும்.

அந்தக் கோட்டையே எல்லையாகக் கொள்ளாதீர்கள். அடுத்த வெள்ளம் சென்றதைவிடப் பெரிதாக இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. எனவே கோட்டுக்கு மேல் குறைந்தது 30 செ.மீ., முடிந்தால் 60 செ.மீ. கூட்டி, அதைத் தெருவின் 'காப்பு மட்டம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நனையக்கூடாத எதுவும் இந்த மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது.

இனி மதிலுக்கு வருவோம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகும். சுவரின் மீது விழும் மொத்த விசையோ உயரத்தின் வர்க்கமாகப் பெருகும். ஒரு மீட்டர் உயரம் தேங்கிய நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இரண்டு மீட்டர் என்றால் அது நான்கு மடங்கு. சாதாரணச் சுற்றுச்சுவரை இதற்காக யாரும் கட்டுவதில்லை. அது சாயும்போது உள்ளே இருப்பவர்களுக்கு மெல்ல ஏறும் நீருக்குப் பதிலாக ஒரே பாய்ச்சல் வரும். சுவர் நின்றுவிட்டது என்றே கொள்வோம். மழைநீர் வடிகால் வழியாகவும் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே ஏறும். உங்கள் தெருவுக்குள் பெய்யும் மழையும் வெளியேற வழியின்றி நிற்கும். அதை இறைக்க மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், அந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது. போதாக்குறைக்கு, நீங்கள் தடுத்த நீர் பக்கத்துத் தெருவுக்குள் போகும். அவர்களும் மனிதர்கள்தானே. மதில் யோசனையை நான் ஏற்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தெருமுனைக் கால்வாயைத் தூர்வாரவும், தரைத்தள வீடுகளின் கழிவுநீர்க் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தவும் செலவிடுங்கள். கழிவறை வழியாகச் சாக்கடை நீர் கொப்பளித்து வருவதை அந்த வால்வு தடுக்கும். வால்வு இல்லாத வீடுகளில், எச்சரிக்கை வந்ததும் கழிவறைப் பீங்கானுக்குள் ஒரு மணல் மூட்டையை அமுக்கி வைப்பது தற்காலிகத் தீர்வு.

ஜெனரேட்டர் கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் வெள்ளமும் மின்தடையும் தனித்தனியாக வருவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அங்கே ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் மட்டும் அடித்தளத்தில் இருந்தன. அடித்தளம் மூழ்கியது. ஊழியர்களும் வீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைக்குக் கை மாற்றி மேலே கொண்டுபோனார்கள். இருந்தும் கடைசியில் மருத்துவமனையையே காலி செய்ய வேண்டியதாயிற்று. உங்கள் தெருவிலும் ஜெனரேட்டர், எரிபொருள் டின்கள், அதிலிருந்து போகும் கேபிள், மாற்று சுவிட்ச் (மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே சேர்க்கவிடும் சுவிட்ச்) ஆகிய நான்கும் காப்பு மட்டத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த இயந்திரத்துக்குப் பயன் உண்டு. நான்கில் ஒன்று கீழே இருந்தாலும் நான்குமே கீழே இருப்பதற்குச் சமம்.

48 வீட்டுக்கும் வெளிச்சமும் மின்விசிறியும் கொடுக்கும் அளவுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய டீசல் ஜெனரேட்டர் அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடினால், எரியாத எரிபொருளும் கரியும் எஞ்சினில் படிந்து பழுதாகும். எரிபொருளும் வீணாகும், சாலை மூழ்கியிருக்கும்போது மறுபடி எங்கே போய் வாங்குவீர்கள்? நீங்கள் வாங்க வேண்டியது சிறிய ஜெனரேட்டர் ஒன்று. தெருவிலேயே உயரமான மாடி வீடு ஒன்றைப் பொது இடமாகத் தேர்ந்தெடுத்து, அங்கே விளக்கு, கைபேசிகளுக்கு மின்னேற்றும் மேசை, மருந்துக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி, மருத்துவக் கருவிகளுக்கு இரண்டு மூன்று பிளக் பாயின்ட் என்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஓர் அறை நான்கு நாட்கள் அணையாமல் இருப்பதுதான் தெருவுக்குப் பெரிய பலம்.

இரண்டு அபாயங்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதலாவது புகை. ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெள்ளத்திலிருந்து தப்பியவர்கள் இந்த வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோவது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வராந்தாவில் வைத்தோம், ஜன்னலைத் திறந்து வைத்தோம் என்பதெல்லாம் போதாது. திறந்த வெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கும்படி வையுங்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். உயரமும் வேண்டும், தூரமும் வேண்டும்.

இரண்டாவது, ஜெனரேட்டர் ஒயரை வீட்டுப் பிளக்கில் செருகி வீடு முழுவதையும் எரியவிடும் பழக்கம். மாற்று சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டுகளாக உயர்த்திவிடும். உங்களுக்கு மின்சாரம் மீட்டுத்தர மழையில் கம்பம் ஏறும் தொழிலாளியின் உயிர் அதில் போகலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்று சுவிட்ச் பொருத்தும் வரை அந்த இயந்திரத்தை எந்த வீட்டு இணைப்போடும் சேர்க்கக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போடுங்கள்.

அதே மின்பணியாளரிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் காப்பு மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தின் அனுமதி தேவைப்படும். விண்ணப்பத்தை 48 வீடுகளும் சேர்ந்து கொடுத்தால் விரைவில் கவனிப்பார்கள். மாடி உள்ள வீடுகளில் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும். கீழே அணைத்தாலும் மேலே விளக்கு எரியும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இல்லாத வீட்டில் அதை உடனே பொருத்த வேண்டும். எனக்கு ஜெனரேட்டரைவிட இதுதான் அவசரமாகத் தோன்றுகிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் வீட்டில் மின்சாரம் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அது தன் பாட்டில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்; சூரிய மின்தகடுகளிலிருந்து வரும் ஒயர்களில் பகல் வெளிச்சம் இருக்கும் வரை மின்சாரம் ஓடும். மெயின், இன்வெர்ட்டர், சூரிய மின்னிணைப்பு மூன்றையும் அணைக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்திலும் யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால், அதில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட யாரும் முயலக்கூடாது. அதனால்தான் அணைக்கும் நேரத்தை முன்பே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

இப்போது உங்கள் மாமனார். வீட்டில் பயன்படுத்தும், நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கும். பொதுவாக வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்குக்கு 1,800 வாட் மணி இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பும், ஈய அமில பேட்டரியை முழுவதும் வற்றவிடக் கூடாது என்ற விதியும் சேர்ந்தால் நம்பிக்கையோடு எடுக்கக்கூடியது சுமார் 1,000 வாட் மணிதான். அதாவது மூன்று மணி நேரம்கூட வராது. ஓர் இரவுக்கே போதாத பேட்டரியை நம்பி நான்கு நாட்களைக் கடக்க முடியாது. மின்சாரமே தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 1,500 லிட்டர் வாயு கொண்ட சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற அளவில் 12 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். அவருக்கு வேண்டிய அளவு எவ்வளவு, எத்தனை சிலிண்டர் தேவை என்பதை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். சிலிண்டரைச் சாய்ந்து விழாதபடி சங்கிலியால் கட்டி, அடுப்பிலிருந்தும் விளக்குச் சுடரிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஆனாலும் இது அவரை மேடான இடத்துக்கு அழைத்துப்போகும் வரைக்குமான ஏற்பாடு மட்டுமே. எச்சரிக்கை வந்த அன்றே, தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்குவதற்கு முன்பே, அவர் வேறு இடத்தில் இருக்க வேண்டும். எங்கே, யார் வண்டியில், கருவியை யார் தூக்குவது என்பதை இப்போதே அவரையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். கிளம்ப மனம் வராத பெரியவர்கள் பலரிடம் முன்கூட்டி யாரும் பேசுவதில்லை; கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போக வந்தால் மறுக்கத்தானே செய்வார்கள்.

அவரைப் போல் தெருவில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? சங்கம் செய்ய வேண்டிய இரண்டாவது வேலை இந்தப் பட்டியல். இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள், தனியாக வாழ்பவர்கள், காது கேளாதவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு அண்டை வீட்டாரின் பெயர்களை எழுதுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் போய்க் கதவைத் தட்டுவார். பட்டியலைத் தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூன்று வீடுகளில் வையுங்கள்; கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி பல இடங்களில் சில மணி நேரமே தாங்கும் என்பதால் கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம். நோய் பற்றிய விவரங்கள் அந்தரங்கமானவை. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, தேவையான அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

கதவைத் தட்டும் அண்டை வீட்டுக்காரருக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு வங்கதேசம் சான்று. 1970 நவம்பர் புயலில் அங்கே இறந்தவர்கள் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1972-இல் செஞ்சிலுவை அமைப்பின் துணையோடு புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. ஊர்க்காரர்களே தொண்டர்களாகி, கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் வீடு வீடாகச் சென்றும் எச்சரிக்கிறார்கள். 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றினார்கள். அந்நாட்டில் இறப்பு சில பத்துகளோடு நின்றது. வானிலைக் கணிப்பும் புயல் காப்பகங்களும் இதில் பெரும்பங்கு வகித்தன. என்றாலும் அந்தக் கணிப்பைக் கடைசி வீட்டு வாசல் வரை சுமந்துபோனவர்கள் இந்தத் தொண்டர்கள்.

உங்கள் தெருவுக்கும் அப்படி ஓர் அறிவிப்பு முறை வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும் ஒரு கம்பத்தில் மஞ்சள் கோடும் சிவப்புக் கோடும் போடுங்கள். எங்கே போடுவது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சென்ற முறை சாலையில் தேங்கத் தொடங்கிய நீர், மிகத் தாழ்ந்த வீட்டின் வாசலைத் தொட எவ்வளவு நேரம் பிடித்தது என்று விசாரியுங்கள். எல்லோரையும் வெளியேற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், வாசலைத் தொடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு நீர் எங்கே இருந்ததோ அங்கே மஞ்சள் கோடு. அதைத் தொட்டதும் வாகனங்கள் மேட்டுக்குப் போகும், தாழ்ந்த வீடுகளில் மின்சாரமும் சமையல் வாயு சிலிண்டரும் அணைக்கப்படும், நடக்க முடிந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள். சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகு எவரும் தெருவில் இறங்கக் கூடாது. மாட்டிக்கொண்டவர்கள் மாடிக்கு ஏறி மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் விவாதமே நடக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும், 30 செ.மீ. இருந்தால் சிறிய காரை மிதக்க வைக்கும்; 60 செ.மீ. பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவுக்கு வெளியே 60 செ.மீ. நீர் நின்றால் ஏறத்தாழ 160 கிலோ எடை அதைத் தடுத்து நிற்கிறது. தனியாக இருக்கும் மூதாட்டி அதைத் தள்ளித் திறப்பாரா? இருட்டில் பாதாளச் சாக்கடைக் குழிகள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மாலைக்குள் மழை வலுக்கும் என்று அறிவித்தால், கோடு எங்கே இருந்தாலும் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள்.

தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போவதுதான் பலருக்கும் நேரும் துன்பம். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் நீர் வராது. எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இதைச் செய்யாத வீடுகளில், மின்சாரம் இடையில் வந்து போகும்போது, வெள்ளமும் சாக்கடையும் கலந்த கீழ்த்தொட்டி நீர் மேலே ஏறி, மிச்சமிருந்த நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று நான்கு நாட்களுக்கு மூடிய பாத்திரங்களில் எடுத்து வையுங்கள். சந்தேகமான நீரை நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் கிருமிகள் சாகும். எண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை. குளிர்பதனப் பெட்டியை மூடியே வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

நீர் வடிந்த பிறகுதான் பலர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். தெருவில் மின்சாரம் வந்துவிட்டது என்பதற்காக உங்கள் வீட்டு மெயினைப் போட வேண்டாம். நனைந்த சுவிட்ச் போர்டு, மோட்டார், இன்வெர்ட்டர் எதுவும் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமும் சேறும் இருக்கும். மின்பணியாளர் சோதித்துச் சொன்ன பிறகு, ஒவ்வோர் இணைப்பாகப் போடுங்கள். 48 வீடுகளும் ஒரே நாளில் மின்பணியாளரைத் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். இப்போதே ஒருவரோடு பேசி, வடிந்த மறுநாள் தெருவுக்கே வருவதாக ஒப்புக்கொள்ளச் செய்து, அவருக்கான தொகையைச் சங்கப் பணத்தில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சேற்றைக் கழுவுவதற்கு முன் சேதங்களைப் படம் எடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அவை தேவை. நனைந்த மெத்தை, பாய், துணிகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காலில் காயம் உள்ளவர்கள் வெள்ளச் சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது; அதற்குப் பின் சில நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ள நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கு இருவரை அழைத்து, டியூப் லெவலோடு தெருவை அளக்க அனுப்புங்கள். அளவுகளைத் தெருவின் கைவரைபடத்தில் குறித்து எனக்கு அனுப்பினால், பொது இடத்துக்கு எந்த வீடு பொருந்தும், ஜெனரேட்டர் எவ்வளவு திறனுள்ளதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். மாமனாரின் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மட்டும் அந்தக் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள்.